முதல் மிடறை நம்பாதீர்கள்: மது இல்லாத கேன் காக்டெயில்களை ருசி பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாலைந்து கேன்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகத் திறந்து, ஒரு வாய் குடித்துவிட்டு "இது பரவாயில்லை, அது தேறாது" என்று தீர்ப்பு சொல்லிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. மோஹிட்டோ, மார்கரிட்டா, நெக்ரோனி, ஜின் டானிக் என்று பெயர் மட்டும் அப்படியே இருக்க, மது இல்லாமல் கேனில் வரும் பானங்களுக்கு இந்த முறை ஒத்தே வராது. முதல் மிடறில் ஜெயிப்பது சுலபம். இனிப்பைக் கொஞ்சம் ஏற்றி, எலுமிச்சைப் புளிப்பைத் தூக்கலாக வைத்து, கேஸை நிறைய அடைத்தால் போதும், "அட!" என்று தோன்றிவிடும். அதே பானம் பாதி கேனுக்குள் திகட்டிவிடும்.

கோலா கம்பெனிகள் இதைப் பெரிய செலவில் கற்றுக்கொண்டன. 1975-இல் பெப்சி தொடங்கிய 'பெப்சி சேலஞ்ச்' விளம்பரத்தில், பெயரை மறைத்து இரண்டு கோலாக்களைக் குடிக்கக் கொடுத்தார்கள். நிறையப் பேர் பெப்சியைக் கை காட்டினார்கள். பதிலுக்கு கோகோ கோலா 1985 ஏப்ரலில் இனிப்புக் கூடிய புதுக் கலவையைக் கொண்டுவந்தது. ருசிச் சோதனைகளில் ஜெயித்த கலவைதான் அது. ஆனால் மக்கள் கொதித்துப்போனதில், மூன்று மாதம் முடிவதற்குள் பழைய கோலா திரும்பி வந்துவிட்டது. பழசின் மேல் இருந்த பாசமும் ஒரு காரணம்தான். இருந்தாலும், ஒரு மிடறில் பிடிப்பது வேறு, ஒரு கேனைக் குடித்து முடிப்பது வேறு என்று சொல்ல இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அதனால் சின்ன கிளாஸில் ருசி பார்ப்பதை வடிகட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தேறிய இரண்டு மூன்றை வேறு வேறு நாளில் முழு கேனாகக் குடித்துப் பாருங்கள். இன்னொரு வாய் குடிக்கத் தோன்றுகிறதா, அல்லது தண்ணீரைத் தேடுகிறோமா என்பதைக் கவனித்தால் போதும்.

இல்லாத மதுவைத் தேடுவது

இதுதான் பெரிய தவறு. கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

காக்டெயிலில் மது போதைக்காக மட்டும் இருப்பதில்லை. வாசனைகளைக் கரைத்து வைத்துக்கொண்டு மூக்குக்கு ஏற்றுகிறது. பானத்துக்குக் கனம் தருகிறது. தொண்டையில் அந்தக் காட்டத்தைக் கொடுக்கிறது. மிளகாயின் காரத்தை உணரும் அதே ஏற்பியைத்தான் (டிஆர்பிவி1 என்று பெயர்) ஆல்கஹாலும் தூண்டுகிறது. இந்தக் குறுக்கு வழி தயாரிப்பாளர்களுக்கு நன்றாகத் தெரியும். காட்டத்துக்கு மிளகாய்ச் சாறு, இஞ்சி. கனத்துக்குக் கிளிசரின் அல்லது பிசின். கசப்புக்கு ஜென்ஷியன் செடியின் வேர், டானிக் தண்ணீருக்குக் கசப்பு தரும் குயினைன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று வைத்திருக்கிறார்கள்.

மது இல்லாத நெக்ரோனி வகை கேன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வாயில் பட்டதும் முதலில் இனிப்பும் ஆரஞ்சுத் தோல் வாசனையும் வரும். அடுத்து கசப்பு மெல்ல எழுந்து அடிநாக்கில் உட்காரும். விழுங்கும்போது, மது இருந்தால் சூடு பரவியிருக்கும் இடத்தில், ஒரு சின்ன வெற்றிடம் தெரியும். நாலைந்து நொடி கழித்து உதட்டிலும் நாக்கு நுனியிலும் எரிச்சல் வந்தால் அது மிளகாய்ச் சாறின் வேலை. மதுவின் காட்டம் சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கிவிடும். மிளகாயின் எரிச்சல் மிடறுக்கு மிடறு சேர்ந்துகொண்டே போகும். மூன்றாவது மிடறில் "நல்ல காட்டம்" என்று எழுதியவர், பத்தாவது மிடறில் "வாய் எரிகிறது" என்று எழுதுவது இதனால்தான்.

அந்த வெற்றிடத்தைக் குறையாக எழுதிக்கொண்டே போனால் எல்லாக் கேனுக்கும் ஒரே மதிப்பெண்தான் விழும். அதை எதைக் கொண்டு நிரப்பியிருக்கிறார்கள், நிரப்பியது உறுத்துகிறதா என்று பாருங்கள். இந்த இடத்தில், மதுவையே தொடாதவர்கள் நல்ல நடுவர்கள். அசலோடு ஒப்பிடும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. பானம் பானமாக நன்றாயிருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். குழுவில் அப்படி ஓரிருவர் இருப்பது நல்லது.

குளிரும் கேஸும் செய்யும் ஏமாற்று

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குடித்துவிட்டு "இனிப்பு அளவாக இருக்கிறது" என்று எழுதாதீர்கள். குளிரில் நாக்கு இனிப்பைக் குறைவாகத்தான் உணரும். அதே பானத்தைக் கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டுக் குடித்தால் சங்கதி தெரிந்துவிடும். சர்க்கரைக்குப் பதில் ஸ்டீவியா (ஒரு செடியின் இலையிலிருந்து எடுக்கும் இனிப்பு) சேர்த்தவற்றில் இன்னொரு விஷயமும் உண்டு. சர்க்கரையின் இனிப்பு உடனே வந்து உடனே போகும். ஸ்டீவியா தாமதமாக வந்து நெடுநேரம் நாக்கிலேயே நிற்கும். ஒரு வாய் குடித்துவிட்டு உடனே அடுத்த கிளாஸுக்குத் தாவினால், முந்தையதன் இனிப்பை அடுத்ததன் கணக்கில் எழுதிவிடுவோம்.

எல்லா கேன்களையும் ஒரே நேரத்தில் திறந்து வைப்பதும் தவறு. கடைசி கேனுக்கு வருவதற்குள் அதில் கேஸ் இறங்கியிருக்கும். கேஸ் போனால் நுரை மட்டும் போவதில்லை, ருசியே மாறும். நாக்கில் சுருக்கென்று குத்துவது குமிழி உடைவதால் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில், கரியமில வாயுவை நாக்கிலுள்ள ஒரு நொதி அமிலமாக மாற்றுவதால்தான் பெரும்பாலும் அந்தச் சுருக்கு. மலையேறுபவர்கள் உயர நோய்க்குச் சாப்பிடும் அசிட்டசோலமைடு மாத்திரை இந்த நொதியைத் தடுத்துவிடும். அதைச் சாப்பிட்டவர்களுக்குப் புதிதாகத் திறந்த சோடாகூடச் சப்பென்றிருக்கும். ஆக, கேஸ் இறங்கிய பானத்தில் புளிப்பு குறைந்து இனிப்பு மேலே வரும். குடிக்கும் முறை வரும்போது ஒவ்வொன்றாகத் திறப்பதே சரி.

கேனிலிருந்தே குடிப்பது, ஐஸைக் கொட்டுவது

ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. கேனின் சின்ன வாய் வழியே குடித்தால் புதினா, ஆரஞ்சுத் தோல், ஜூனிப்பர் (ஜின்னுக்கு மணம் தரும் காய்) வாசனைகளில் பாதி மூக்குக்கே எட்டாது. வாய் அகன்ற கிளாஸில் ஊற்றி முகர்ந்துவிட்டுக் குடியுங்கள். 'தகர வாடை' என்று சிலர் சொல்வதும் பெரும்பாலும் உதடு விளிம்பில் படுவதால் வருவதுதான். கேனின் உட்புறத்தில் மெல்லிய பாலிமர் பூச்சு இருப்பதால் பானம் உலோகத்தை நேரடியாகத் தொடுவதில்லை.

பழச்சாறு சேர்த்த கேனில் அடியில் கசடு தங்கும். திறப்பதற்கு முன் ஒருமுறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். குலுக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை, சட்டை சாட்சி சொல்லும்.

ஐஸ் விஷயத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பாரில் காக்டெயிலை ஐஸோடு சேர்த்துக் குலுக்கும்போது கணிசமான தண்ணீர் கலக்கும். அது கலவையின் ஒரு பகுதி. கேன் பானத்தில் பெரும்பாலும் அந்தத் தண்ணீரைக் கணக்கிட்டுத்தான் அடைத்திருப்பார்கள். அதன்மேல் உடைத்த ஐஸை நிறையக் கொட்டிவிட்டு "தண்ணியாக இருக்கு" என்றால் குற்றம் பானத்துடையது அல்ல. லேபிளில் ஐஸோடு குடிக்கச் சொல்லியிருந்தால், ஐஸ் இல்லாமல் ஒருமுறை, ஐஸோடு ஒருமுறை என்று இரண்டு விதமாகவும் பாருங்கள்.

வரிசை

கசப்பும் காரமும் வாயில் தங்கும். அதனால் லேசான எலுமிச்சை, வெள்ளரி வகைகள் முதலில், புதினா நடுவில், டானிக், நெக்ரோனி போன்ற கசப்பு வகைகள் அப்புறம், இஞ்சி, மிளகாய் சேர்த்தவை கடைசியில். ஒரே வகைக்குள் ஒப்பிடும்போது ஆளுக்கொரு வரிசையில் கொடுப்பது நல்லது. இல்லாவிட்டால் முதலில் வருவதே ஜெயிக்கும். இடையிடையே வெறும் தண்ணீர், உப்பு தூக்கலாக இல்லாத பிஸ்கட் போதும். ஒரே அமர்வில் ஐந்தாறுக்கு மேல் வேண்டாம். பல் துலக்கிய சூட்டோடு உட்காராதீர்கள்: பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் இனிப்பை அமுக்கிக் கசப்பை ஏற்றிவிடும்.

லேபிளைப் பார்த்துக்கொண்டே குடிப்பது

பெயர், விலை, டிசைன் மூன்றும் நாக்குக்கு முன்னால் ஓடிவரும். ஊற்றுபவர் ஒருவர், குடிப்பவர் வேறொருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளாஸில் 1, 2, 3 என்று எழுதினால் 1 உயர்ந்தது என்று மனம் தானாக எடுத்துக்கொள்ளும். சோதனைக் கூடங்களில் 417, 862 மாதிரி மூன்று இலக்க எண்களை எழுதுவது அதற்காகத்தான். நிறமும் ஏமாற்றும், சிவப்பாக இருந்தாலே பழ ருசி தெரிகிறது என்பார்கள்.

இரண்டு கேன்களுக்கு நடுவே வித்தியாசம் நிஜமாகவே தெரிகிறதா என்ற சந்தேகம் வந்தால் முக்கோணச் சோதனை இருக்கிறது. மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே பானம், ஒன்றில் வேறு. வேறானது எது என்று கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே மூன்றில் ஒரு வாய்ப்பு சரியாக இருக்கும். அதனால் ஆறு பேரில் இரண்டு பேர் சரியாகச் சொன்னால் துள்ளிக் குதிக்க வேண்டாம், அது வெறும் குருட்டாம்போக்கு.

லேபிளைப் பார்க்காமலே விட்டுவிடுவது

ருசி பார்த்து முடித்தபின் லேபிளை அவசியம் படிக்க வேண்டும். சர்க்கரை 100 மில்லிக்கு 8 கிராம் என்று போட்டிருந்தால் குறைவாகத் தெரியும். 250 மில்லி கேனுக்கு அது 20 கிராம், ஏறக்குறைய ஐந்து டீஸ்பூன். பல நாடுகளில் 0.5 சதவீதம் வரை ஆல்கஹால் இருந்தாலும் 'மதுவற்றது' என்று எழுத முடியும். துளிகூட வேண்டாம் என்பவர்கள் 0.0 என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிலவற்றில் காஃபின் இருக்கும், இரவில் உட்கார்ந்து ருசி பார்ப்பவர்கள் கவனிக்கவும். குயினைன் உள்ளதைக் கர்ப்பிணிகளும், அது ஒத்துக்கொள்ளாதவர்களும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

குடியை விட்டவர்களைக் "இதில்தான் மது இல்லையே" என்று வற்புறுத்தி நடுவராக உட்கார வைக்காதீர்கள். பானம் அசலை எவ்வளவு நெருங்குகிறதோ, அவ்வளவுக்கு அதன் வாசனையும் கசப்பும் அவர்களுக்குப் பழைய ஆசையைக் கிளப்பலாம். அவர்களாக வந்து கேட்டால் கொடுங்கள்.