கல்யாணத்தில் மணப்பெண்ணின் தோழியர் உடை: செலவைக் குறைப்பது எப்படி?

விலைச்சீட்டை மட்டும் பார்க்காதீர்கள். ஆல்டரேஷன் கூலியும் சேர்ந்ததுதான் உடையின் விலை. கல்யாணத்துக்கு 6 மாதம் முன்பே தேடத் தொடங்கினால் தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம்.

மார்பு, இடை, இடுப்பு மூன்றையும் டேப்பால் அளந்து, எது பெரிதோ அதற்கேற்ற சைஸ் வாங்குங்கள். தளர்ந்த உடையைப் பிடித்துவிடலாம். தையலுக்குள் துணி விடாத உடையைப் பெரிதாக்குவது பெரும்பாடு. நீளத்தை, கல்யாணத்தன்று போடப்போகும் செருப்போடு நின்று குறியுங்கள்.

எல்லோருக்கும் ஒரே நிறமென்றால் ஒரே ஆர்டராகக் கொடுங்கள். தனித்தனியாக வாங்கினால் சாயம் லேசாக மாறக்கூடும். போட்டோவில் அது உறுத்தும். துணித் துண்டு வாங்கிப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது.

இதைவிட மலிவான வழி: நிறத்தை மட்டும் சொல்லிவிட்டு, மாடலை அவரவரிடம் விட்டுவிடுவது. வெளிர், நடுத்தரம், அடர்த்தி என வேண்டுமென்றே கலந்தால் நிறம் பொருந்துமா என்ற கவலையே இல்லை. சிலரிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கவும் கூடும்!