செயற்கைப் புல் அரங்கில் இயற்கைப் புல்தரை: உலகக்கோப்பைக் களத்தை அடியிலிருந்து அமைக்கும் முறை

2026 உலகக்கோப்பையின் 104 ஆட்டங்களுக்கான 16 அரங்குகளில் சரிபாதி, அதாவது 8 அரங்குகள், மற்ற நாள்களில் செயற்கைப் புல்லோடு இருப்பவை. அட்லாண்டா, ஆர்லிங்டன், ஹூஸ்டன், வான்கூவர் அரங்குகளுக்குக் கூரையும் உண்டு. இப்படிப்பட்ட இடத்தில் புல் சுருள்களைக் கொண்டுவந்து விரித்துவிட்டால் டிவியில் பச்சைப்பசேல் என்றுதான் தெரியும். பந்து ஒழுங்காக உருளுமா, ஓடுபவரின் கால் வழுக்காதா என்பதை அடியில் இருக்கும் மணலும், வேர் இறங்கக் கிடைக்கும் நாள்களும்தான் முடிவுசெய்யும்.

ஆகவே முதல் ஆட்ட நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். செயற்கைப் புல்லை அகற்ற ஒரு வாரம், வடிகாலுக்கும் மணலுக்கும் இரண்டு வாரம், புல் விரிக்க நான்கு நாள், வேர் பிடிக்கக் குறைந்தது இரண்டு வாரம். ஆறு வாரம் கையில் இருந்தால் நிம்மதியாகச் செய்யலாம். தென் அமெரிக்க நாடுகளின் கோப்பையான கோப்பா அமெரிக்காவின் 2024 தொடக்க ஆட்டத்தில் அர்ஜென்டினாவும் கனடாவும் அட்லாண்டாவில் மோதின. செயற்கைப் புல்மேல் இயற்கைப் புல்லை விரித்துச் சில நாள்களே ஆகியிருந்தன. ஆட்டம் முடிந்ததும் அர்ஜென்டினா பயிற்சியாளர் ஸ்கலோனி களத்தைக் கடுமையாகக் குறைசொன்னார். கால அட்டவணையில் வேலையைத் தொடங்கும் முன்பே நாள்களைத் தின்பது கச்சேரிகளும் உள்ளூர் லீக் ஆட்டங்களும்தான். அவற்றுக்கான கடைசித் தேதியை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

இடம் போதுமா?

உலகக்கோப்பைக் களம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். அமெரிக்கக் கால்பந்துக் களத்தின் அகலம் 48.8 மீட்டர்தான். 19 மீட்டருக்கு மேல் கூடுதலாக வேண்டும். கோட்டுக்கு வெளியே வீரர் சறுக்கி நிற்க இடமும், விளம்பரப் பலகையும், மாற்று வீரர்கள் உடல் சூடேற்றும் பகுதியும் இதற்குமேல். முதலில் இடம் போதாமல் இடிப்பது நான்கு மூலைகளில்தான்: கார்னர் கொடி வரும் இடத்தில் கீழ்வரிசை இருக்கைகள் முட்டிக்கொண்டு நிற்கும், அவற்றைக் கழற்ற வேண்டும். இன்னொரு வழி, களத்தையே உயர்த்துவது. இருக்கை வரிசைகள் மேலே போகப்போகப் பின்னால் சாய்வதால், தரை உயர்ந்தால் அகலமும் கிடைக்கும். ஆனால் முதல் வரிசையில் உட்காருபவருக்கு விளம்பரப் பலகை கண்ணை மறைக்கும். உயரத்தை முடிவுசெய்யும் முன் அந்த இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள்.

அடித்தளம்

கீழே கான்கிரீட்டோ தாரோ இருந்தால் தண்ணீர் இறங்க வழியில்லை. அதன்மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி (நீரை விட்டு மணலைத் தடுக்கும் செயற்கைத் துணி), அதற்குமேல் உள்ளே வெற்றிடம் கொண்ட பிளாஸ்டிக் வடிகால் பலகைகள், மறுபடி ஒரு துணி, பிறகு மணல். பலகைகளின் வழியே வரும் நீரை ஓரத்தில் குழாய் போட்டு வெளியேற்றுங்கள். மேல்துணியை விட்டுவிட்டால் மணல் பலகைக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும், களத்தில் ஆங்காங்கே குழியும் விழும்.

கணக்கு இது. கோட்டுக்கு வெளியே நாலு மீட்டர் சேர்த்துப் புல் பரப்பை 113 × 76 மீட்டர் என்று வைத்தால் 8,588 சதுர மீட்டர். 20 செ.மீ. மணல் என்றால் 1,718 கன மீட்டர், சுமார் 2,750 டன். 20 டன் லாரியில் 138 நடை. அரங்கத்தின் சுரங்க வாசல் ஒன்றே ஒன்று என்றால், மணல் லாரியும் கேமரா ஆள்களின் வண்டியும் அதே வழியில்தான் போயாக வேண்டும். வாசல் நேரத்தைப் பங்கிடுவதற்கென்றே ஒருவரை நிறுத்துங்கள்.

மணலில் பெரும்பகுதி 0.25 மி.மீ. முதல் 1 மி.மீ. வரையிலான பருமனில் இருக்க வேண்டும். வண்டல், களிமண் கூடினால் நீர் தேங்கும். எல்லாம் ஒரே பருமனாக இருந்தால் காலடியில் நழுவும். சலித்துப் பார்த்த சான்று இல்லாத லோடை உள்ளே விடாதீர்கள். 10 செ.மீ. வீதம் இரண்டு அடுக்காகப் பரப்பி, லேசாக நனைத்து, ரோலர் ஓட்டி, லேசர் கிரேடரால் மட்டம் செய்யுங்கள். 3 மீட்டர் நீளச் சட்டத்தைக் கிடத்தினால் அடியில் 10 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது.

புல்

திறந்தவெளியில், கோடை வெயில் சுள்ளென்று அடிக்கும் ஊரில் பெர்முடா புல் தாங்கும். கூரைக்கடியில் அதை நம்பக் கூடாது, அதற்கு வெளிச்சம் மிகுதியாகத் தேவை. அங்கே கென்டக்கி புளூகிராஸும் ரைகிராஸும் கலந்த புல்தான் சரி.

பண்ணையில் பிளாஸ்டிக் விரிப்பின்மேல் மணல் பரப்பி வளர்த்த புல்லையே வாங்குங்கள். வேர் கீழே போக முடியாமல் விரிப்பின்மேலேயே பின்னிக்கொள்ளும். எடுக்கும்போது ஒரு வேரும் அறாது. மண்ணில் வளர்த்ததை வெட்டி எடுத்தால் வேரின் பெரும்பகுதி பண்ணையிலேயே தங்கிவிடும். இன்னொரு முக்கியமான விஷயம்: பண்ணை மணலும் அரங்க மணலும் ஒரே ரகமாக இருக்க வேண்டும். களிமண் ஒட்டிய புல்லை மணல்மேல் விரித்தால், இரண்டும் சேரும் இடத்தில் நீர் நின்றுவிடும், வேரும் அங்கேயே நின்றுவிடும்.

தடிமன் 4 செ.மீ.க்குக் குறைய வேண்டாம். 2 செ.மீ. புல் வேர் பிடிக்கும்வரை பூட்ஸ் திரும்பும்போதெல்லாம் கிழியும். 1.2 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளச் சுருள் ஒன்று 800 கிலோவுக்குமேல் வரும். அந்தக் கனம்தான் முதல் வாரத்தில் புல்லை நகரவிடாமல் பிடிக்கும். மொத்தம் சுமார் 720 சுருள். அதே பாத்தியில் வளர்ந்ததில் 5 விழுக்காடு கூடுதலாகப் பண்ணையிலேயே விட்டுவைக்கச் சொல்லுங்கள், கடைசியில் தேவைப்படும்.

சுருட்டிய புல் உள்ளுக்குள் சூடேறும், ஒரு நாள் தாண்டினால் நடுவில் மஞ்சளடிக்கும். தூரம் அதிகமென்றால் குளிர்சாதன லாரி கட்டாயம். வந்த ஒவ்வொரு லாரியிலும் ஒரு சுருளைப் பிரித்து நடுவில் கையை வைத்துப் பாருங்கள். கதகதப்பும் புளித்த வாடையும் இருந்தால் அந்த லோடை ஓரப்பகுதிக்கு ஒதுக்குங்கள், பெனால்டி பகுதிக்கு வேண்டாம்.

விரிப்பது ஒரு நேர்க்கோட்டிலிருந்து தொடங்கட்டும். செங்கல் அடுக்குவதுபோல, முனை இணைப்புகள் அடுத்தடுத்த வரிசையில் ஒரே நேராக வரக் கூடாது. ஓரத்தோடு ஓரத்தை நெருக்கித் தள்ளுங்கள், இழுக்காதீர்கள். இழுத்து விரித்த புல் காயும்போது சுருங்கி, இடையில் விரல் நுழையும் அளவுக்குப் பிளக்கும். விரித்த பகுதிக்கு அரை மணிக்குள் நீர் விட்டு, ரோலர் ஓட்டிவிடுங்கள்.

புல்தரை பெயராமல் உறுதியாக நிற்க, அதனூடே செயற்கை இழைகளைத் தைப்பதாக இருந்தால், 2 செ.மீ. இடைவெளியில் 18 செ.மீ. ஆழத்துக்கு ஊசி இறங்கும். 20 செ.மீ. மணலும் 4 செ.மீ. புல்லும் இருந்தால் தாராளம். மணல் ஆழம் குறைவென்றால் ஊசி வடிகால் பலகையைக் குத்திவிடும். அங்கே பண்ணையிலேயே இழை சேர்த்து வளர்த்த புல்லைத்தான் வாங்க வேண்டும்.

வேர், வெளிச்சம், காற்று

ஐந்தாம் நாளிலிருந்து தினமும் சுருளின் மூலையைக் கையால் தூக்கிப் பாருங்கள். எழும்பினால் வேர் இறங்கவில்லை. கூரை அரங்கில் வளர்விளக்குகளை வரிசையாக நகர்த்தி, எந்த மூலையும் விடுபடாமல் வெளிச்சம் கொடுங்கள். தென்பக்க இருக்கைகளின் நிழல் விழும் பகுதிக்குக் கூடுதல் நேரம் வேண்டும். மாலையில் நீர் விடாதீர்கள். இரவு முழுக்க இலை ஈரமாக இருந்தால், வெப்பமும் சேர்ந்து, காலையில் எண்ணெய் படிந்தாற்போல் பூஞ்சைத் திட்டுகள் தெரியும். விடியலில் நீர், பிறகு பெரிய மின்விசிறி.

வெட்டிய புல்லின் உயரம் 25 முதல் 28 மி.மீ. ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். கோடு போடும் முன் மூலைவிட்டத்தை நாடா பிடித்து அளந்துவிடுங்கள்: 105 × 68 களத்தில் இரண்டும் 125.10 மீட்டர் வர வேண்டும். வேறுபட்டால் களம் கோணல்.

கடினத்தைச் சோதிக்க கிளெக் சுத்தியல் என்ற 2.25 கிலோ அளவுக்கருவியை 45 செ.மீ. உயரத்திலிருந்து விடுவார்கள். அளவீடு 70 முதல் 90 வரை வந்தால் நல்லது. 100 தாண்டினால் முழங்காலுக்குக் கேடு. ஒரே இடத்தில் பார்த்துவிட்டு விடாமல் கோல் முகம், நடுவட்டம், ஓரக்கோடு, இணைப்புகள் எல்லாவற்றிலும் பாருங்கள். இடத்துக்கு இடம் அளவீடு மாறுவதுதான் வீரர்களை ஏமாற்றும்.

ஆட்டங்களுக்கு இடையே

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பெயர்ந்த புல்கட்டிகளைக் கையால் அமுக்கி, குழியில் அதே மணலை நிரப்புங்கள். 2016 யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) தொடரில் பிரான்சின் லீல் அரங்கில் தொடருக்கு நடுவிலேயே புல்தரையை முழுக்க மாற்ற வேண்டி வந்தது. அந்த நிலைக்குப் போகாமலிருக்க, தேய்ந்த கோல் முகத்தை மட்டும் முன்கூட்டியே மாற்றிவிடலாம். குறைந்தது 48 மணி நேரம் முன்பாக 12 × 6 மீட்டர் துண்டை நேராக வெட்டி எடுத்து, புதுப் புல்லின் தடிமனுக்குச் சரியாக மணலைச் சுரண்டி மட்டம் செய்யுங்கள். ஒதுக்கிவைத்த புல்லிலிருந்து துண்டை இறக்கும்போது பழைய தரையைவிட 2 மி.மீ. உயர்ந்திருக்கட்டும், ரோலர் ஓடியதும் சமமாகிவிடும்.