டிசம்பர் 8-ல் லியோன்: விளக்குத் திருவிழாவை நடந்து பார்ப்பது எப்படி?

பிரான்ஸ் நாட்டு லியோன் நகருக்கு வந்து, ரயிலில் பார்-தியூ நிலையத்தில் இறங்கி, அறையில் பையை வைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. எந்த இரவு?

விழா நான்கு இரவுகள் நடக்கும். கூட்டத்துக்குப் பயந்து 8-ஆம் தேதியைத் தவிர்க்கச் சொல்பவர்கள் உண்டு. நான் 8-ஐத்தான் சொல்வேன். கட்டடங்கள் மேல் பாய்ச்சும் ஒளிக்காட்சி நான்கு இரவும் இருக்கும். வீட்டுச் சன்னல்களில் மக்கள் மெழுகுவத்தி ஏற்றுவது 8-ஆம் தேதி மாலை. விழா பிறந்ததே அந்த மெழுகுவத்தியில்தான்.

1643-ல் கொள்ளைநோய்க்குப் பயந்த ஊர்ப் பெரியவர்கள் மரியாளிடம் ஒரு நேர்ச்சை வைத்தார்கள். அதன் நினைவு நாளான செப்டம்பர் 8-ல், 1852-ஆம் ஆண்டு, ஃபூர்வியேர் குன்றுச் சிற்றாலயத்தின் கோபுரத்தில் மரியாள் சிலையை நிறுவுவதாக இருந்தது. சோன் ஆற்றில் வெள்ளம் வந்து வேலை தடைப்பட, அந்த விழாவை டிசம்பர் 8-க்குத் தள்ளினார்கள். அன்று பார்த்துப் புயல். விழா நடக்காது என்றே எல்லாரும் நினைத்தபோது சாயங்காலம் வானம் வெளுத்தது. யாரும் சொல்லாமலே ஊர் முழுக்கச் சன்னல்களில் மெழுகுவத்திகள் எரிந்தன. 2015-ல் பாரிஸ் தாக்குதலுக்குப் பிறகு ஒளிக்காட்சிகளை ரத்து செய்தார்கள். சன்னல் விளக்குகளை மட்டும் கைவிடவில்லை. இறந்தவர்களின் நினைவாக அவற்றை ஏற்றினார்கள். எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனதற்கு இது ஒன்றே போதும்.

2. ஒரு லூமினியோன் வாங்குங்கள்

வரிவரியாக அச்சில் வார்த்த குட்டை மெழுகுவத்தி. கூடவே ஒரு சின்னக் கண்ணாடிக் குவளை. இதுதான் லூமினியோன். டிசம்பர் தொடக்கத்திலேயே கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். பேட்டரி விளக்கு வேண்டாம். கண்ணாடிக்குள் சுடர் ஆடும்போது சன்னல் விளிம்பு முழுவதும் அசையும். பேட்டரியில் அது வராது. நம் அகலை வாசலில் வைப்பதுபோல், இருட்டியபின் அறையில் இருக்கும்போது சன்னலுக்கு வெளியே வரிசையாக வையுங்கள். விடுதியாக இருந்தால் முன்மேசையில் கேட்டுவிட்டு ஏற்றுங்கள். பேச்சை 'போன்ஷூர்' என்று தொடங்குங்கள், மாலையானால் 'போன்சுவார்'. கடையோ பேருந்தோ, அந்த ஒரு சொல் இல்லாமல் நேரே விஷயத்துக்குப் போனால் முகம் சுருங்கும்.

3. பகலில் ஃபூர்வியேர்

வியூ லியோன் நிலையத்திலிருந்து எஃப்2 இழுவை ரயில் குன்றின் மேல் கொண்டு விடும். மரியாளின் பொன்னிறச் சிலை நிற்பது பசிலிக்கா என்னும் பெரிய தேவாலயத்தின் மேல் அல்ல, பக்கத்துப் பழைய சிற்றாலயத்தின் கோபுரத்தில். பசிலிக்கா கட்டத் தொடங்கியதே 1872-ல்தான். பார்த்துவிட்டு ரொசேர் தோட்டம் வழியாக இறங்கினால் செயின்ட் ஜான் பேராலயம் பக்கம் வந்துவிடலாம். இரவில் பேராலயத்திலிருந்து குன்றுக்கு தீப்பந்த ஊர்வலம் ஏறும், அதனால் மேலே போவதைப் பகலிலேயே முடித்துவிடுங்கள்.

அப்புறம் த்ரபூல்கள். கட்டடங்களுக்குள் புகுந்து அடுத்த தெருவில் வெளிவரும் பழைய நடைவழிகள் இவை. செயின்ட் ஜான் தெரு 54-ல் நுழைந்தால், நான்கு கட்டடங்களைக் கடந்து பஃப் தெரு 27-ல் வெளியே வரலாம். உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள், குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். இதற்கும் பகல்தான் நேரம்.

4. மெட்ரோ: இங்கேதான் நிதானம் வேண்டும்

மற்ற நாட்களில் லியோன் மெட்ரோ மிகச் சுலபம். நான்கே வழித்தடங்கள்: ஏ, பி, சி, டி. ஒரு பயணச்சீட்டு ஒரு மணி நேரம் செல்லும், அதற்குள் மாறி மாறி ஏறலாம்.

விழா இரவுகளில் கதை வேறு. ரோன், சோன் ஆறுகளுக்கு நடுவே இருக்கும் ப்ரெஸ்கீலில் நெரிசலைக் குறைக்கச் சில நிலையங்களை மாலையில் மூடிவிடுவார்கள். சில தெருக்களில் ஒரே திசையில்தான் நடக்க முடியும். ஏற்பாடு ஆண்டுக்கு ஆண்டு மாறும். போனில் இருக்கும் வரைபடம் இதையெல்லாம் காட்டாது. விழாவுக்கென்று வெளியிடும் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் வழி இது. நிலையங்கள் மூடும் முன், மூன்று நான்கு மணிக்கே குருவா-ரூஸ் குன்றுக்கு ஏறிவிடுங்கள். பார்-தியூவில் பி பிடித்து ஷார்பென், அங்கே ஏ-க்கு மாறி ஓத்தெல் த வீல், அங்கிருந்து சி. இந்த சி வழித்தடம் பற்சக்கரத் தண்டவாளத்தில் ஏறுகிறது. ஏற்றம் அவ்வளவு செங்குத்து. மேலே பட்டு நெசவாளர்கள் வாழ்ந்த உயரமான வீடுகள், நெடிய சன்னல்கள். 1831-லும் 1834-லும் கூலிக்காக இந்த நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள்.

இருட்டியதும் கிரான்ட் கோத் சரிவில் நடந்து இறங்குங்கள். அவசரமே வேண்டாம், அண்ணாந்து சன்னல்களைப் பாருங்கள். கீழே தெர்ரோ சதுக்கத்தின் பெரிய ஒளிக்காட்சிக்கு மேலிருந்தே வந்து சேர்ந்துவிடுவீர்கள்.

திரும்பும்போது தெர்ரோ பக்கத்து ஓத்தெல் த வீல் நிலையத்தில் முண்டியடிக்காதீர்கள். மோரான் பாலத்தில் ரோன் ஆற்றைக் கடந்தால் ஃபோஷ் நிலையம், அதே ஏ வழித்தடம்தான். பெல்கூர் சதுக்கத்தின் பக்கம் இருந்தால் கியோத்தியேர் பாலம் தாண்டி, டி வழித்தடத்தின் கியோத்தியேர் நிலையத்தில் ஏறுங்கள். பாலத்தைக் கடப்பதற்குள் நெரிசல் பாதியாகக் குறைந்திருக்கும்.

5. சாப்பாடு

ஊரின் பாரம்பரிய உணவகமான பூஷோனில் பெரும்பாலும் இறைச்சிதான், அதிலும் குடல், ஈரல் வகைகள் நிறைய. கெனெல் என்ற நீள உருண்டை கேட்டால் பொதுவாக மீன் சேர்ந்திருக்கும். சைவர்கள் செர்வெல் த கனூ கேளுங்கள். பச்சிலையும் பூண்டும் சேர்த்த மென்பாலாடைக்கட்டி, ரொட்டியோடு நன்றாகப் போகும். இனிப்புக்குச் சிவப்பு ப்ராலின் தார்த், அதாவது சர்க்கரை பூசிய சிவப்புப் பருப்புகளில் செய்த திறந்த பை. மதியம் 12-லிருந்து 2-க்குள் உட்கார்ந்துவிடுங்கள், பிந்தினால் பல இடங்களில் அடுப்பை அணைத்திருப்பார்கள். 'கராஃப் தோ' என்று கேட்டால் தண்ணீருக்குக் காசில்லை.

பின்சேர்க்கை: கைக்குழந்தையோடு வரலாமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். வரலாம், ஆனால் தள்ளுவண்டி வேண்டாம். கிரான்ட் கோத் சரிவில் படிகள் உண்டு, தெர்ரோ கூட்டத்தில் வண்டியைத் திருப்பக்கூட இடம் இருக்காது. குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் துணிப்பை போதும். தெர்ரோவுக்குள் போகாமல், மேலே குருவா-ரூஸில் சன்னல்களைப் பார்த்துவிட்டு சி வழித்தடத்தில் வடக்கே எனோன் அல்லது குயிர் பக்கம் எடுத்த அறைக்குத் திரும்பினால், சிரமம் பாதி குறையும்.