குமரி மாவட்டத்தில் வலசைப் பறவைகள்: பகலில் பார்க்கவும் இரவில் கேட்கவும்

ஆகஸ்ட் இறுதியிலேயே வடக்கிலிருந்து கரைப்பறவைகள் குமரி மாவட்டத்து நீர்நிலைகளை எட்டத் தொடங்கிவிடும். வாத்துகளுக்கு ஐப்பசிவரை பொறுத்திருக்க வேண்டும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூரும், மணக்குடிக் கழிமுகமும், புத்தளம் உப்பளங்களும் பலரும் அறிந்த இடங்கள். ஆயினும், கன்னிப்பூ என்னும் முதற்போக நெல் அறுவடை முடிந்து, அடுத்த போகமான கும்பப்பூவுக்காக உழுது நீர் கட்டிய வயல்களையே தொடக்கநிலையினருக்கு முதலில் பரிந்துரைப்பேன். குளத்தில் புள்ளியாகத் தெரியும் பொரி உள்ளான் என்னும் கரைப்பறவையை அங்கே வரப்பில் நின்றே பார்க்கலாம்.

இருநோக்கி 8×42 அளவில், அதாவது எட்டு மடங்கு பெருக்கும் 42 மி.மீ. முன்வில்லையோடு, இருந்தால் போதும். பத்து மடங்குக் கருவி கைநடுக்கத்தையும் சேர்த்துப் பெருக்கும். பார்வைப் பரப்பும் குறையும். காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். பறவை எழும்பும்போது முதுகைக் கவனியுங்கள்: பச்சைக்காலி என்னும் மற்றொரு கரைப்பறவைக்கு வெண்மை முதுகின்மேல் ஆப்பு வடிவில் நீளும், பொரி உள்ளானுக்கு அது வாலடியோடு நின்றுவிடும்.

இனி இரவு. காற்று குளிர்ந்து அடங்கியிருப்பதாலும், பகல்வேட்டைப் பறவைகளின் தொல்லை குறைவதாலும், பகற்பொழுது இரை தேட மிஞ்சுவதாலும் பல வலசைப் பறவைகள் இரவில் பறக்கின்றன. பறக்கும்போது குறுகிய ஒலிகளை எழுப்புகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசிக்கொண்டிருக்கும் வரை அதன் இரைச்சலில் எதுவும் கேளாது. அது தணிந்தபின், மழை விட்டு வானம் தெளிந்த இரவொன்றில், அலையோசையும் தென்னங்கீற்றின் சலசலப்பும் எட்டாத மொட்டைமாடியைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

பலரும் தடுமாறுவது ஒலிப்பதிவில்தான். கைபேசியின் குரற்பதிவுச் செயலி மனிதப் பேச்சுக்காக அமைக்கப்பட்டது; தொலைவில் மெலிதாக ஒலிக்கும் பறவைக் குரலை அது இரைச்சல் என்று கருதி நீக்கிவிடக்கூடும். ஆகவே இரைச்சல் குறைப்பையும் தானியங்கி ஒலிச்சீரமைப்பையும் அணைத்துவிட்டு, எம்பி3க்குப் பதிலாக, ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் வேவ் (WAV) வடிவில், நொடிக்கு 44,100 அல்லது 48,000 மாதிரிகள் எடுக்கும்படி அமைக்க வேண்டும். மாதிரி எண்ணிக்கையில் பாதியளவு அதிர்வெண் வரைதான் ஒலி பதிவாகும் என்பதால், 16,000 என்று வைத்தால் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள சிறு பறவைகளின் ஒலிகள் கோப்பிலேயே இராது. அமைப்பு சரியா என்று அறிய, மாடியின் மறுகோடியில் ஒருவரைச் சாவிக்கொத்தை மெதுவாகக் குலுக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அந்த ஒலி அலைமாலைப் படத்தில் (நேரம் கிடையாகவும் அதிர்வெண் செங்குத்தாகவும் அமைந்த ஒலிப்படம், spectrogram) உயரே தெரியாவிட்டால் ஏதோ ஒரு வடிகட்டி இன்னும் இயங்குகிறது. பிறகு பஞ்சு விரித்த பிளாஸ்டிக் வாளிக்குள், ஒலிவாங்கி வானை நோக்க, கைபேசியை நிறுத்தி வையுங்கள். பக்கவாட்டுப் பூச்சியொலி வெகுவாகக் குறையும்.

காலையில் கோப்பை ஆடாசிட்டி (Audacity) என்னும் கணினி ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, அலைமாலைப் படத்தில் 1,000 முதல் 10,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைப் பாருங்கள். சில்வண்டு நீண்ட பட்டையாகவும், பறவையொலி குறுங்கீற்றாகவும் தெரியும். முதலில் உள்ளூர்க் குரல்களைக் கழித்துவிடுங்கள்: ஆட்காட்டி, ‘குவாக்’ என்னும் வக்கா, பறந்தபடி சீட்டியடிக்கும் சீழ்க்கைச் சிறகி. இவற்றை அறியாதவருக்கு எல்லாமே வலசையாகத் தோன்றும். எஞ்சியவற்றில் பச்சைக்காலியின் மூன்று சீட்டிகள் எளிதில் பிடிபடும். வளைந்த அலகுடைய கரைப்பறவையான சின்னக் கோட்டான் ஏறத்தாழ ஏழு சீட்டிகளை ஒரே சுருதியில் விரைந்து அடுக்கும். குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலியைப் பகலில் நம்புவேன்; இரவில் அது சொல்லும் பெயரை ஊகமாகவே கொள்வேன்.

பின்சேர்க்கை: திரை அணைந்ததும் பதிவு நின்றுவிடுகிறது எனச் சிலர் எழுதியிருந்தனர். பதிவுச் செயலிக்கு மின்கலச் சேமிப்பிலிருந்து விலக்கு அளித்து, கைபேசியை விமானப் பயன்முறையில் வையுங்கள். வலசையில் களைத்த ஆறுமணிக்குருவி வீட்டுக்குள் வந்து விழுந்ததாக மற்றொருவர் கேட்டிருந்தார். அதைக் காற்றுத்துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். வாயில் நீர் ஊற்றாதீர்கள். தெளிந்து சுறுசுறுப்பானால் அந்தி சாயுமுன் மரங்கள் அடர்ந்த இடத்தில் திறந்துவிடலாம். சிறகு தொங்கினால் தாமதியாமல் வனத்துறையிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.