பெங்களூரில் ஹிப்னோதெரபி: பதற்றம், பயம், போதைப் பழக்கத்திற்கு அதை முறையாகப் பயன்படுத்துவது எப்படி?

மனப்பதற்றத்திற்கும், லிஃப்ட், உயரம், பல்லி போன்றவற்றின் மீதுள்ள அளவுக்கு மீறிய பயத்திற்கும், விட முடியாத சிகரெட்டிற்கும் ஹிப்னோதெரபி உதவுமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஹிப்னோதெரபி என்பது ஒருவரை அறிதுயில் (ஹிப்னாடிசம்) எனப்படும் ஆழ்ந்த கவன நிலைக்குக் கொண்டுசென்று தரும் சிகிச்சை; அது தனித்து நிற்கும் வைத்தியம் அன்று. நோயைச் சரியாகக் கண்டறிந்த மனநல நிபுணர், தாம் கொடுத்துவரும் சிகிச்சைக்கு வலு சேர்க்கக் கையாளும் ஒரு முறை. அந்த வரிசை மாறாதவரை அதனால் பயன் உண்டு. வரிசையை மாற்றி, மருத்துவரைப் பார்க்காமலேயே நேராக ஹிப்னாடிசத்திற்குப் போகிறவர்கள் பணத்தோடு காலத்தையும் இழக்கிறார்கள் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

1841-இல் மான்செஸ்டர் நகரில் மெஸ்மரிசக் காட்சி (ஹிப்னாடிசத்திற்கு முன்னோடியான வசியக் காட்சி) ஒன்றைப் பார்த்த ஜேம்ஸ் பிரெய்டு என்ற அறுவை மருத்துவர், அதில் மாய சக்தி எதுவும் இல்லை, கண்ணும் கவனமும் ஒரே இடத்தில் நிலைப்பதுதான் காரணம் என்று பிறகு விளக்கினார். இன்றைய முறையும் ஏறக்குறைய அதே அடித்தளத்தில்தான் நிற்கிறது. அறிதுயில் நிலையில் இருப்பவர் தூங்குவதில்லை. அறையின் மின்விசிறிச் சத்தம் அவருக்குக் கேட்கும், வேண்டாம் என்று தோன்றினால் கண்ணைத் திறந்து எழுந்து வந்துவிடலாம், சொல்ல விரும்பாத ரகசியத்தை யாரும் அவரிடமிருந்து பிடுங்கிவிட முடியாது. ஆழ்ந்து அந்த நிலைக்குப் போகக்கூடியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர், ஏறக்குறைய அதே அளவினருக்கு அது கைகூடுவதே இல்லை, மற்றவர்கள் இடைப்பட்டவர்கள். ஆகவே முதல் அமர்வில் ஒன்றும் நிகழவில்லை என்றால் அதை உங்கள் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

தொடங்குவதற்கு முன் ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை ஆகியவை தைராய்டு மிகையாகச் சுரப்பதாலும் வரும். நாளுக்கு ஐந்தாறு ஃபில்டர் காபி குடிப்பவருக்கு அதனாலேயே வரும். அதன் பிறகு மனநல மருத்துவர். ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவிலோ, உங்களுக்கு அருகில் உள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ நோய் என்ன என்பதை உறுதி செய்துகொள்ளலாம். இல்லாத குரல் கேட்பது, யாரோ தம்மைக் கண்காணிப்பதாக நம்புவது, நாள்கணக்கில் தூக்கமே தேவைப்படாத மிகை உற்சாகம் ஆகியவை இருப்பவர்களுக்கு அறிதுயில் முறை ஏற்றதன்று. வலிப்பு நோய் உள்ளவர்கள் தங்கள் நரம்பியல் மருத்துவரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது.

அடுத்தது ஆளைத் தேர்ந்தெடுப்பது; என் கருத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். ஹிப்னோதெரபிஸ்ட் என்று பெயர்ப்பலகை வைத்துக்கொள்வதற்கு நம் நாட்டில் தனி உரிமம் கிடையாது. வார இறுதிப் பயிற்சி ஒன்றை முடித்த எவரும் வைத்துக்கொள்ளலாம். ஆகவே அந்தப் பட்டத்தைப் பார்க்காமல் அதற்கு அடியில் உள்ள படிப்பைப் பாருங்கள். மனநல மருத்துவர் என்றால் மருத்துவ கவுன்சில் பதிவும், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேட்பதில் தயக்கமே வேண்டாம், முறையாகப் படித்தவர் எவரும் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒரே அமர்வில் குணம் என்று உறுதி சொல்பவரையும், உடனே எல்லா மாத்திரைகளையும் நிறுத்தச் சொல்பவரையும், முற்பிறவிக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்பவரையும் தவிர்த்துவிடுங்கள். அறிதுயிலில் மனம் எளிதில் வளைந்துகொடுக்கும்; அப்போது தூண்டித் தூண்டிக் கேட்டால் நடக்காத ஒன்றே நினைவாக உருவாகிவிடக்கூடும், அதனால் குடும்பங்கள் பிளந்த வரலாறும் உண்டு.

பெங்களூர்த் தமிழர்களுக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது: எந்த மொழியில்? அலசூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ மூன்று தலைமுறையாக வாழ்பவர்கள் அலுவலகத்தில் ஆங்கிலமும் கடைத்தெருவில் கன்னடமும் தடையின்றிப் பேசினாலும், நடு இரவில் நெஞ்சு அடைக்கும்போது வாயில் வருவது வீட்டுத் தமிழ்தான். கருத்தேற்றம், அதாவது அறிதுயிலில் மனத்தில் பதியச் சொல்லும் வாக்கியங்கள், அந்தத் தமிழில் இருந்தால் எளிதாக உள்ளே இறங்கும். தமிழ் தெரிந்த நிபுணர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், அமர்வின் முடிவில் தரப்படும் முக்கியமான இரண்டு மூன்று வாக்கியங்களை உங்கள் பேச்சு வழக்கிலேயே எழுதி, அவரோடு சேர்ந்து சரிபார்த்து, உங்கள் குரலிலேயே கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பயங்களைப் பொறுத்தவரை, பயந்த பொருளைப் படிப்படியாக நேரில் எதிர்கொள்வதுதான் வலுவான ஆதாரமுள்ள சிகிச்சை. ஹிப்னோதெரபி அதற்கு ஒத்திகை மேடை. மூடிய இடத்தைக் கண்டு அஞ்சும் ஒருவரால் மெட்ரோவில் போக முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். பெங்களூர் மெட்ரோவின் பர்ப்பிள் லைன் இந்த வேலைக்கு மிகவும் பொருத்தமானது. இந்திரா நகர், அலசூர், டிரினிட்டி, எம்.ஜி. ரோடு வரை ரயில் மேம்பாலத்தில் ஓடி, அதற்குப் பிறகுதான் கப்பன் பார்க் நிலையத்திற்காகச் சுரங்கத்திற்குள் இறங்குகிறது. நிபுணரும் அவரும் சேர்ந்து ஒரு படிவரிசை எழுதுவார்கள்: அலசூர் நிலையத்தின் நடைமேடையில் ரயில் ஏறாமல் நிற்பது, இந்திரா நகரிலிருந்து ஒரு நிலையம் மட்டும் போவது, எம்.ஜி. ரோடு வரை போவது, கூட்டமில்லாத பிற்பகலில் கப்பன் பார்க் வரை போவது, கடைசியாக மாலை நெரிசலில் மெஜஸ்டிக் வரை போவது. ஒவ்வொரு படிக்கும் பூஜ்யத்திலிருந்து பத்துவரை பயத்திற்கு ஒரு மதிப்பெண். அமர்வில் கண்ணை மூடிய நிலையில் அந்தப் படியை மனத்துக்குள் முழுதாக நடத்திப் பார்ப்பார்: கதவு மூடுவதற்கு முன் வரும் அறிவிப்பு, வெளிச்சம் சட்டென்று குறைந்து ஜன்னலில் தம் முகமே தெரிவது, உள்ளங்கை வியர்ப்பது, பிறகு மூச்சு மெல்ல இறங்குவது. மதிப்பெண் பாதியாகக் குறைந்ததும் அதே வாரத்தில் அந்தப் படியை நேரில் செய்தாக வேண்டும், பயம் தணியும்வரை அங்கேயே இருக்க வேண்டும். கற்பனையோடு நிறுத்திக்கொண்டால் பலன் கரைந்துவிடும்.

இதில் ஒரு விதிவிலக்கை மறக்கக் கூடாது. இரத்தத்தையும் ஊசியையும் கண்டு மயங்கி விழுபவர்களுக்கு இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால்தான் மயக்கம் வருகிறது; அவர்களிடம் உடலைத் தளர்த்தச் சொல்வது மயக்கத்தை விரைவுபடுத்தவே செய்யும். கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து நொடிகள் இறுக்கி, பிறகு இயல்பு நிலைக்கு விட்டு, மீண்டும் இறுக்கும் பயிற்சிதான் அவர்களுக்குரியது. இதை அறியாத ஹிப்னோதெரபிஸ்ட்டிடம் ஊசிப் பயத்திற்காகப் போக வேண்டாம்.

பொதுவான பதற்றத்திற்கு, நிபுணரிடம் கற்ற பிறகு வீட்டிலேயே செய்துகொள்ளும் சுய அறிதுயில் நல்ல துணை. படுக்கையில் வேண்டாம், தூங்கிவிடுவீர்கள். முதுகு சாயும் நாற்காலியில் உட்காருங்கள். கண்மட்டத்திற்குச் சற்று மேலே சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடியே, உள்ளிழுக்கும் மூச்சைவிட வெளிவிடும் மூச்சை நீளமாக்குங்கள். இமை கனக்கும்போது மூடிவிட்டு, பத்துப் படிகள் இறங்குவதுபோல் பத்திலிருந்து ஒன்றுவரை எண்ணுங்கள். பிறகு உங்களுக்கான வாக்கியத்தை மெதுவாகச் சொல்லுங்கள்: "நெஞ்சு படபடன்னு அடிச்சாலும் எனக்கு ஒண்ணும் ஆகாது. மூச்சை மெதுவா விடுறேன், அது தானா அடங்குது." வாக்கியம் நிகழ்காலத்தில், உங்களால் நம்பக்கூடிய அளவில் இருக்க வேண்டும், இனி எனக்குப் பதற்றமே வராது என்று சொன்னால் மனம் ஏற்காது. முடிக்கும்போது ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்ணி, கைகால்களை அசைத்துக் கண்ணைத் திறவுங்கள். வண்டி ஓட்டும்போதோ, ஓட்டுவதற்குச் சற்று முன்னரோ இதைச் செய்யாதீர்கள்.

போதைப் பழக்கத்தில் அதிக எச்சரிக்கை தேவை. நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் முதல் 48 மணி நேரத்திற்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் காய்ச்சல், நடுக்கம், சித்தக்குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தான நிலைக்கும் போகலாம். தூக்க மாத்திரைக்குப் பழகியவருக்கும் திடீர் நிறுத்தம் ஆபத்துதான். இவர்களை வீட்டார் முதலில் அழைத்துச் செல்ல வேண்டிய இடம் நிம்ஹான்ஸின் போதை மீட்புப் பிரிவு போன்ற மருத்துவமனைதான். உடல் தெளிந்த பிறகு, மீண்டும் குடிக்கத் தூண்டும் தருணங்களைச் சமாளிக்கப் பழகுவதற்கு அறிதுயிலைச் சேர்த்துக்கொள்ளலாம். சிகரெட்டைப் பொறுத்தவரை, பிற முறைகளைவிட ஹிப்னோதெரபி மேலானது என்று ஆய்வுகள் இதுவரை நிறுவவில்லை. ஆகவே நிகோட்டின் சூயிங்கம் அல்லது மருத்துவர் தரும் மாத்திரையோடு சேர்த்தே செய்யுங்கள். டீக்கடை வாசலில் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும் நொடியைத்தான் அமர்வில் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்க்க வேண்டும். அந்த வேட்கை சில நிமிடங்களில் உச்சம் தொட்டு இறங்கிவிடும், அதுவரை தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கக் கற்றாலே பெரிய வெற்றி. புகையிலையை விடுவதற்கு 1800-11-2356 என்ற இலவச எண்ணில் தமிழிலும் ஆலோசனை பெறலாம்.

ஐந்தாறு அமர்வுகளுக்குப் பிறகும் மதிப்பெண் அசையவில்லை, தூக்கமும் வேலையும் முன்பு போலவே கெட்டிருக்கின்றன என்றால், மேலும் அமர்வுகளுக்கு முன்பணம் கட்டாமல் மனநல மருத்துவரிடம் திரும்பிச் சென்று சிகிச்சையை மாற்றுவது பற்றிப் பேசுங்கள். அமர்வுகளுக்குப் பின் பழைய நினைவுகள் துரத்தினாலோ, வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தாலோ, அடுத்த அமர்வுக்குக் காத்திராமல் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணை அழையுங்கள். எந்த நேரத்திலும் இலவசம், தமிழில் பேச வேண்டும் என்று கேட்கலாம்.