டர்பனிலிருந்து கொரியா வகுப்பறைக்கு

பட்டம் வாங்கிவிட்டு டர்பனின் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிகளில் வேலைக்குக் காத்திருக்கும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். தென் கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்க ஈ-2 விசா வழங்கப்படும் நாடுகளில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றிருந்தாலும் சரி. ஆனால் ஏழாம் வகுப்பிலிருந்தே ஆங்கில வழியில் படித்ததற்குப் பள்ளியின் கடிதம் கேட்பார்கள். அதை முதலில் வாங்கிவிடுங்கள்.

ஆங்கிலம் கற்பிக்கும் சான்றிதழ் என்றால் குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி. இணையத்திலேயே முடிகிற மலிவான டெஃபல் (ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிக்கும் பயிற்சி) சான்றிதழே வேலைக்குப் போதும். ஆனாலும் கையில் பணம் இருந்தால் கேம்பிரிட்ஜின் ஆங்கில ஆசிரியர் சான்றிதழான செல்டாவையே எடுங்கள் என்பேன். அதில் உண்மையான மாணவர்கள் முன் 6 மணி நேரம் பாடம் நடத்த வேண்டும். பயிற்றுநர் பின்வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார். "புரிகிறதா?" என்று கேட்கும் பழக்கத்தை அங்கேதான் விடுவோம். அதற்குப் பதிலாக, 'ஹி ஹேஸ் கான் டு கேப் டவுன்' (அவர் கேப் டவுனுக்குப் போய்விட்டார்) என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, "அவர் இப்போது டர்பனில் இருக்கிறாரா?" என்று கேட்க வேண்டும். "இல்லை" என்று பதில் வந்தால் இலக்கணம் மனதில் பதிந்துவிட்டது என்று பொருள். இந்த ஒரு பழக்கத்துக்காகவே அந்தக் கட்டணம் தகும்.

பிறகு காகித வேலை. காவல்துறையின் நன்னடத்தைச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் இரண்டுக்கும் பிரிட்டோரியாவில் வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குச் சான்றளிக்கும் முத்திரை, வேண்டும். வாரக்கணக்கில் இழுக்கும். காவல்துறைச் சான்றிதழை வெகு முன்னதாக வாங்கி வைக்காதீர்கள், பழையது செல்லாது.