விரால் பதுங்கும் இடமறிந்து தூண்டில் போடுவது எப்படி?

சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் தூண்டில் போடுபவர்களுள் பலர், கை வலுவுக்கு எட்டிய தூரம் நடுநீரில் வீசிவிட்டுக் காத்திருக்கிறார்கள். கெண்டைக்கு அது சரியாக வரலாம்; விராலுக்கு வராது. விரால் பதுங்கியிருந்து பாய்ந்து இரை பிடிக்கும் மீன். அதோடு, செவுளால் மட்டும் அதற்கு மூச்சு போதாது. அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். எனவே, மறைவும் மேலெழ ஒரு திறப்பும் அருகருகே உள்ள இடத்தையே தேட வேண்டும்.

ஆகாயத்தாமரைப் படர்வின் ஓரம், கோரைக்கு நடுவே தெரியும் சிறு நீர்வெளி, மதகை ஒட்டிய கற்கட்டு, மூழ்கி நிற்கும் சீமைக்கருவேல மரத்தடி ஆகியவை இத்தகைய இடங்கள். இவற்றுள் இரண்டு கூடும் மூலையைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கற்கட்டு முடிந்து கோரை தொடங்கும் இடத்தில், சிறு மீன்கள் ஒதுங்கக் கல்லிடுக்கும் விரால் மறையப் புதரும் ஒருங்கே கிடைக்கின்றன.

வீசுவதற்கு முன் சிறிது நேரம் அசையாமல் நின்று நீரைக் கவனியுங்கள். காற்றே இல்லாதபோது ஒற்றைக் கோரைத் தண்டு ஆடினாலோ, காற்றை விழுங்கும் சத்தத்தோடு நீரில் வட்டம் எழுந்தாலோ, அங்கே மீன் இருக்கக்கூடும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே மொய்த்தால், அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கின்றன என்று பொருள். அப்போது எதைப் போட்டாலும் அவை சீறிக் கடிக்கும் என்பது உண்மையே. ஆனால் காவல் போனால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும் என்பதால், அந்த இடத்தை விட்டு விலகிவிட வேண்டும்.

நீர்மட்டமும் முக்கியம். செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு உயரம் 24 அடி, புழலின் உயரம் 21.20 அடி; அன்றைய மட்டம் நாளிதழ்களிலேயே வருகிறது. அந்த ஏரிகளில் மீன் பிடிக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சுற்றுவட்டார ஏரிகளின் போக்கை ஊகிக்க அந்தக் கணக்கு உதவும். வடகிழக்குப் பருவமழையில் மட்டம் ஏறும்போது, புதிதாக நீர் சூழ்ந்த புல்லோரங்களுக்கு விரால் வந்துவிடும். கோடையில் நீர் வற்றும்போது, மண் அள்ளிய பள்ளங்களிலும் மதகடி ஆழத்திலும் ஒதுங்கும்.

எந்த ஏரியானாலும் மீன்பிடி உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, அனுமதி பெற்ற பிறகே தூண்டிலை எடுக்க வேண்டும். 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் தகுதி பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை விட்டுவிடுங்கள்.

ஏழடி நீளமுள்ள, சற்றே விறைப்பான ராடும், புதரிலிருந்து மீனை இழுத்துவரத் தாங்கும் பின்னல் நரம்பும் போதும். இரைக்கு உயிர்த்தவளை வேண்டாம். ரப்பர் தவளையே ஏற்றது. அமெரிக்க ஏரிகளில் பாஸ் மீனுக்காகப் பயன்படும் இந்தத் தவளை விராலுக்கும் அப்படியே பொருந்துகிறது. அதன் இரண்டு தூண்டில் முட்களும் மேல்நோக்கி உடலோடு ஒட்டியிருப்பதால், இலைமேல் இழுத்தாலும் சிக்காது.

மீன் இருக்குமென்று நினைக்கும் திறப்பின் மேலேயே வீசாமல், அதைத் தாண்டி இலைமேல் விழும்படி வீசுங்கள். மெல்ல இழுத்துவந்து, இலை விளிம்பிலிருந்து நீருக்குள் நழுவவிட்டு, அங்கே நிறுத்துங்கள். தவளையைச் சுற்றிய வளையங்கள் அடங்கும் வரை கை அசையக் கூடாது. பெரும்பாலும் அடுத்த சிறு அசைவில்தான் நீர் புடைத்து, பாய்ச்சல் வரும். சத்தம் கேட்டவுடன் சுண்டினால் தவளை மீனின் வாயிலிருந்து வெறுமனே பிடுங்கிக்கொண்டு வரும். நரம்பு இழுபட்டு, மீனின் கனம் கையில் தெரிந்த பிறகே ஓங்கிச் சுண்ட வேண்டும். அதன்பின் நரம்பைத் தளரவிடாமல், மீனின் தலையை மேலே வைத்தபடி கரைக்கு இழுத்துவிடுங்கள். ஒருமுறை தண்டுகளுக்குள் புகுந்துவிட்டால் வெளியே எடுப்பது கடினம். விராலுக்குப் பல் கூர்மையாதலால், முள்ளை விரலால் கழற்றாமல் குறடு கொண்டு கழற்றுங்கள்.